முதல் நாவல் விற்கவில்லை என்றால்

வேலை, இரண்டு குழந்தைகள், நேரமே இல்லை, முதல் நாவலும் விற்கவில்லை, இனி எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க சஸ்பென்ஸ் எழுத்தாளர் மேரி ஹிக்கின்ஸ் கிளார்க்கின் கதையைச் சொல்கிறேன்.

ஆறு வருடம், நாற்பது நிராகரிப்புகள். அப்புறம்தான் 1956இல் முதல் சிறுகதை விற்றது, நூறு டாலருக்கு. 1964இல் கணவர் மாரடைப்பில் இறந்தபோது கையில் ஐந்து குழந்தைகள். வானொலிக்கு எழுதிச் சம்பாதித்தார். சொந்த எழுத்துக்குக் கிடைத்தது காலை ஐந்து முதல் ஏழு வரை, சமையலறை மேசையில். முதல் புத்தகம் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றியது, சீந்துவாரில்லை.

உங்களுக்கு முக்கியமான இடம் இதுதான். அவர் எழுத்தை விடவில்லை, வகையை மாற்றினார். தானே ஆசைப்பட்டுப் படிப்பது சஸ்பென்ஸ் என்று புரிந்து அதற்குத் தாவினார். 1975இல் வந்த முதல் சஸ்பென்ஸ் நாவலே பெரிய வெற்றி. 2020இல், 92 வயதில் மறையும்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள்.

கதைக்கரு பிடிக்க அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: ஒருவேளை இப்படி இருந்தால்? இப்படி நடந்தால் என்ன ஆகும்? ஏன்? செய்தித்தாளில் வரும் ஏதாவது ஒரு வழக்கை எடுத்து இதைச் செய்து பாருங்கள். மூன்றாவதுதான் படுத்தும், நான் பலமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு எழ முடியாவிட்டால் பரவாயில்லை. குழந்தைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் கிடைக்குமா? சரி, உங்கள் முதல் நாவல் எந்த வகை? அதைச் சொல்லவே இல்லையே.