குளிர்காலம் வந்தால் மகள் முடங்கிப் போகிறாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிரிட்டனில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன நவம்பரில் ஆள் மாறிப்போனாள். பகலெல்லாம் தூக்கம், சாப்பாடு என்றால் ரொட்டி, மெகி, சாக்லேட்தான். அம்மா இரவு 10 மணிக்கு வாட்சாப்பில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஏப்ரலில் பழையபடி கலகலப்பானாள். இந்த நவம்பரில் மறுபடியும் அதே கதை. "சோம்பேறித்தனமா, திருஷ்டியா, கூட்டி வந்துவிடலாமா? மழைக்காலத்தில் ரப்பர் பால் வெட்டு நின்றால் என் கணவரும் இப்படித்தான் சுருண்டு கிடக்கிறார். இரண்டும் ஒன்றா?" என்று கேட்கிறார்.

சோம்பேறித்தனம் இல்லை, அம்மா. சோம்பேறிப் பிள்ளை ஏப்ரலானதும் தானாக எழுந்து உட்காராது. இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர். அமெரிக்காவில் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் 1984-இல் இதை விவரித்து எழுதினார்கள். வழக்கமான மனச்சோர்வில் பெரும்பாலும் தூக்கமும் பசியும் குறையும். குளிர்காலத்தில் வரும் இந்த வகையில் இரண்டுமே கூடும். மாவுப் பண்டத்திலும் இனிப்பிலும் நாக்கு போகும், எடை ஏறும், யாரையும் பார்க்கப் பிடிக்காது. தொடர்ந்து இரண்டு வருடமாவது ஒரே பருவத்தில் வந்து போனால்தான் டாக்டர்கள் இந்தப் பெயரை உறுதியாகச் சொல்வார்கள். உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள். ஆனால் இரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூட ஆளை இப்படிச் சாய்க்கும், ஆகவே ஒரு இரத்தப் பரிசோதனை அவசியம்.

காரணத்தில் பெரும்பங்கு வெளிச்சத்துக்குத்தான். நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், ஏற்ற இறக்கம் அரை மணிதான். கிளாஸ்கோவில் டிசம்பர் கடைசியில் காலை 8.45 வாக்கில் விடிந்து, பிற்பகல் 3.45-க்கெல்லாம் இருட்டிவிடும். காலை வெளிச்சம்தான் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. அது கிடைக்காவிட்டால் தூக்கமும் மனநிலையும் தடம் மாறுகின்றன.

நீங்கள் கூப்பிடும் இரவு 10 மணி, அங்கே பிற்பகல் 2. இன்னும் ஒன்றே முக்கால் மணியில் பொழுது சாய்ந்துவிடும். அதனால் மாலை 4 மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே காலை 8. "இன்னுமா தூங்குற?" என்று ஆரம்பிக்க வேண்டாம். எழுந்து உட்காரச் சொல்லி, விளக்கு முன்னால் பசியாறிக்கொண்டே பேசச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். விடுமுறை நாளில் இரவு 8 மணிக்கு, அதாவது அங்கே உச்சிப்பொழுதில், காதில் போனோடு வெளியே நடக்கச் சொல்லுங்கள். மேகம் மூடிய வானம்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம்.

விளக்கு என்றேனே, சாதாரண மேசை விளக்கு உதவாது. இதற்கென்றே விற்கும் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) விளக்கு வேண்டும், புற ஊதாக் கதிரை வடிகட்டியதாக இருக்க வேண்டும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், அரை மணி நேரம், அட்டையில் போட்டிருக்கும் தூரத்தில் வைத்து உட்கார்ந்தால் போதும். உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணில் பட்டால் சரி. பலருக்கு ஓரிரு வாரத்தில் தெளிவு தெரியும். மாலையில் போட்டால் தூக்கம் கெடும்.

வாங்குவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்திலோ கணவர் பக்கத்திலோ யாராவது சில காலம் தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தில் அலைந்து, பிறகு முடங்கிக் கிடந்ததுண்டா? இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இந்த விளக்கு உற்சாகத்தை எல்லை மீறித் தூண்டிவிடலாம். "சித்தப்பாவுக்கு அப்போ கொஞ்சம் சரியில்ல" என்று நம் வீடுகளில் மூடி வைத்த விஷயங்கள் உண்டே, அதை மகளிடம் சொல்லிவிடுங்கள். அங்குள்ள டாக்டர் அதைத்தான் கேட்பார், அவளுக்கோ தெரிந்திருக்காது. கண்ணின் விழித்திரையில் கோளாறு இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மாணவர் விசாவோடு மருத்துவக் கட்டணமும் கட்டியிருப்பார்கள், டாக்டரைப் பார்க்கத் தனியாகப் பணம் தேவையில்லை. பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரையும் இதற்கு நன்றாகவே வேலை செய்கின்றன. திருஷ்டி சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதோடு நிறுத்திவிடாமல் இருந்தால் சரி. விடுமுறைக்கு வரவழையுங்கள், தேறுவாள். ஆனால் ஜனவரியில் மறுபடியும் அதே இருட்டுக்குத்தான் திரும்புவாள், ஆகவே சிகிச்சை அங்கே நடக்க வேண்டும். இப்போதைக்குப் படிப்பை நிறுத்த நான் சொல்லமாட்டேன்.

"செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்ற தொனியில் ஏதாவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள், நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் அங்கே 116 123, அவள் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். ஆபத்து என்றால் 999, அங்கேயும் அதே எண்தான்.

அப்புறம், உங்கள் கணவர். மழைக்காலத்தில் நம் ஊரில் பகல் குறைவதில்லை, பால் வெட்ட முடியாமல் சம்பளம்தான் குறைகிறது. அந்தக் கவலைக்கு விளக்கு மருந்தல்ல. ஆனால் மழை விட்டு வேலைக்குப் போன பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் முகம் தெளியாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதுவும் மனச்சோர்வாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். வர மறுத்தால் முதலில் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555-க்கு நீங்களே கூப்பிட்டுப் பேசலாம்.