புல்லட் 80-ல் அலறினால் பல்லை எண்ணுங்கள்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் அப்பச்சி 1994-ல் வாங்கிய புல்லட் 350 இப்போது என் கையில். வலது கால் கியர், நான்கே கியர். ஊருக்குள் ராஜா மாதிரி போகிறது. ராமேஸ்வரம் ரோட்டில் 80-ஐத் தொட்டதும் இன்ஜின் அலறுகிறது, கை மரத்துப் போகிறது. ஐந்தாவது கியரைத் தேடிக் கால் தானாகப் போகிறது. மதுரையில் ஒரு கடையில், முன்னால் 18 பல் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டுகிற பல் சக்கரம்) போட்டால் சரியாகிவிடும், மைலேஜும் கூடும் என்கிறார்கள். இன்னொருவர் ஐந்து கியர் பாக்ஸே மாற்றித் தருவதாகச் சொல்லி 25,000 ரூபாய் கேட்கிறார். இப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடுமா? தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனி வரை இதே வண்டியில் கூடவே போவதும் உண்டு.”

தம்பி, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். 80-ல் ஓட்டி இந்த இன்ஜின் போகாது. போவதாக இருந்தால் உங்கள் அப்பச்சி காலத்திலேயே போயிருக்கும்.

உங்கள் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. முகப்பில் அம்மீட்டர் முள் ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். காதுதான் மீட்டர். அந்தக் காது சொல்வதைக் கணக்கோடு ஒத்துப் பார்ப்போம். கம்பெனி கொடுத்த 350-ல் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டுக்கு 16 பல், பின் சக்கரத்துக்கு 38 பல். இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் ஓடுகிற பிரைமரி செயினின் குறைப்பையும் சேர்த்தால், டாப் கியரில் பின் சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குள் இன்ஜின் 5.3 தடவை சுற்றிவிடும். 19 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். பெருக்கி வகுத்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 3500 சுற்று வருகிறது. இந்த இன்ஜின் தன் 18 குதிரைச் சக்தியை முழுசாகத் தருவது 5625 சுற்றில். அதாவது நீங்கள் இன்னும் பாதிக் கிணறைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருக்கிறீர்கள்.

அப்படியானால் ஏன் அலறல்? பிஸ்டன் போகிற தூரம் அப்படி. புல்லட்டில் பிஸ்டன் மேலே 90 மில்லிமீட்டர், கீழே 90 மில்லிமீட்டர் ஓட வேண்டும். ஸ்ப்ளெண்டரில் அது 49.5-தான். புல்லட்டை 100-ல் விரட்டினால் 4350 சுற்றுப் பக்கம் வரும். அப்போது அதன் பிஸ்டன் ஓடுகிற வேகமும், ஸ்ப்ளெண்டர் 8000 சுற்றில் கதறும்போது அதன் பிஸ்டன் ஓடுகிற வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான், நொடிக்கு 13 மீட்டர். அதனால் 80, 85 வரை நிம்மதியாகப் போங்கள். 100-ல் தேவகோட்டையிலிருந்து ராமநாதபுரம் வரை கையை எடுக்காமல் பிடிக்காதீர்கள். இன்னொன்று, சைலன்சருக்குள் இருக்கிற தடுப்பை யாராவது உருவிவிட்டார்களா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அலறுவது இன்ஜின் இல்லை, சைலன்சர்.

ஐந்து கியர் பாக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காசு பறிபோவது அங்கேதான். கியர் கூடினால் டாப் கியரில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் நான்காவது கியர் நேரடிக் கியர். பாக்ஸுக்குள் ஒரு சுற்று போனால் வெளியே ஒரு சுற்று வரும். பின்னால் வந்த ஐந்து கியர் புல்லட்டில் ஐந்தாவது கியரும் அதே நேரடிதான்! முதல் கியர் இன்னும் குட்டை, நடுவில் ஒரு படி கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் வீட்டு மாடிக்கு இருபது படி கட்டினாலும் இருபத்தைந்து படி கட்டினாலும் மொட்டை மாடி அதே உயரத்தில்தானே இருக்கும்? 25,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்து ராமேஸ்வரம் ரோட்டில் 80-ல் ஓட்டிப் பாருங்கள், இதே சத்தம்தான் கேட்கும். விற்கிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்பமாட்டேன். கழற்றுகிற உங்கள் பழைய பாக்ஸை அவர் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். வலது கால் கியர் பாக்ஸுக்கு இப்போது தனி விலை. அதற்கும் சேர்த்துத்தான் அவருக்கு வியாபாரம்.

சரி, ஸ்ப்ராக்கெட்டுக்கு வருவோம். எதையும் மாற்றும் முன், இப்போது எத்தனைப் பல் இருக்கிறது என்று தெரிய வேண்டும். முப்பது வருஷ வண்டி, யார் யார் கை பட்டதோ. புல்லட்டில் அந்த ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கிளட்ச், பிரைமரி செயின், உள் கேஸ் எல்லாம் வெளியே வந்தால்தான் கண்ணால் பார்க்க முடியும். ‘பத்து நிமிஷத்தில் மாற்றித் தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் புல்லட்டைப் பிரித்ததே இல்லை என்று அர்த்தம். ஆனால் எண்ணிப் பார்க்கப் பிரிக்க வேண்டியதில்லை.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள், பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். டாப் கியர் போடுங்கள். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுப் பின் சக்கரத்தை முன்பக்கமாக மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். நீங்கள் கட்டைவிரலால் பிளக் ஓட்டையை அமுக்கிக்கொண்டு நில்லுங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை காற்று விரலைத் தள்ளிக்கொண்டு ‘புஸ்’ என்று வரும். சாக்பீஸ் கோடு ஆறு சுற்று முடிப்பதற்குள் எத்தனை புஸ் என்று எண்ணுங்கள். 16 வந்தால் 16 பல். 15 வந்தால் 17 பல். 14 வந்தால் 18 பல். புஸ் குறையக் குறையப் பல் கூடுதல், குழப்பிக்கொள்ளாதீர்கள். 17 வந்தால் யாரோ கம்பெனி கொடுத்ததைவிடச் சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டிருக்கிறார்கள். உங்கள் அலறலுக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

எண்ணிப் பார்க்காமல் மாற்றியவர் கதை ஒன்று சொல்கிறேன். பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வண்டியைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே வேறு இடத்தில் 18 பல் போட்டாகிவிட்டது. அப்படியும் 75-க்கு மேல் ஏறவில்லை, சைலன்சர் வளைவு நீலம் பாரித்திருந்தது. பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தைப் பார்த்துக்கொள்கிற பாயின்ட்டின் மூடியைத் திறந்தேன். பாயின்ட் பிளேட்டுக்கு அடியில் குட்டி எடை இரண்டும் ஸ்பிரிங் இரண்டும் இருக்கும். சுற்று ஏற ஏற அவை விரிந்து டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளிக் கொடுக்க வேண்டும். அவர் வண்டியில் அது கிரீஸும் துருவும் சேர்ந்து புட்டு மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பிரிங் மாற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். வண்டி பாட ஆரம்பித்துவிட்டது. ஸ்ப்ராக்கெட்டுக்கும் அந்த வியாதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் வண்டியிலும் இதை முதலில் பாருங்கள். அப்படியே கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டாப் கியரில் 50-ல் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நின்றால் பிளேட் போய்விட்டது. கை மரத்துப் போவதற்கு இன்ஜின் மவுன்ட் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்தாலே பாதி குறையும்.

இவ்வளவும் சரியாக இருந்து 16 பல்தான் என்றால் 17 போடுங்கள். தாராளமாகப் போடலாம். 80-ல் 3500 என்பது 3300 ஆகும். காதுக்கு நன்றாகத் தெரியும்.

18 வேண்டாம். கணக்கில் 3100 என்று வரும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்த ரோட்டில் காற்று இருக்கிறதே! உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும்போதும், பாம்பன் பாலத்தின் மேலேயும் எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். பின்னால் ஆளும் இருந்து, பெட்டியும் இருந்தால் 18 பல் வண்டி டாப் கியரில் இழுக்காது. நீங்கள் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்குவீர்கள். குறைந்த சுற்றில் முழு ஆக்சிலேட்டர் என்பதுதான் இந்த இன்ஜினுக்கு எமன். பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடின் கீழ் முனையில் பால் பேரிங்கோ ரோலரோ இல்லை, எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற ஒரு புஷ்தான். அந்த எண்ணெயைத் தள்ளுகிற பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. சுற்று குறைந்தால் எண்ணெயும் குறைவு, அந்த நேரம் பார்த்து மேலே இடியும் பலம். கிடுகிடு என்று நாக்கிங் சத்தம் கேட்கும். அலறலுக்குப் பயந்து அதைவிட மோசமான இடத்துக்குப் போய்ச் சேர்கிறோம். கடைசியில் மூன்றாவது கியருக்கு இறக்கித்தான் ஓட்டுவீர்கள். அப்போது சுற்று 3500-ஐத் தாண்டி 4200-க்கே போய்விடும். இதற்கா காசு? மைலேஜும் இதே கதைதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, 500. புல்லட் 500-க்கு கம்பெனியே 17 பல் கொடுத்தது, அது 18-ஐத் தாங்கும். ஆனால் உங்களுடையது 500-ஆ என்பதில் ஏமாறக் கூடாது. டேங்கிலோ டூல் பாக்ஸிலோ ‘500’ என்று ஒட்டியிருப்பது ஐம்பது ரூபாய் ஸ்டிக்கர். 350-ஐ இரண்டு தடவை போர் செய்துவிட்டு (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிவிட்டு) ‘இது இப்போ 500 மாதிரிதான்’ என்று சொல்வார்கள். 350-க்கு சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், 500-க்கு 84. போர் செய்து அரை மில்லி, ஒரு மில்லி கூட்டலாம், பதினாலு மில்லி கூட்ட முடியுமா? ஆர்.சி. புக்கில் 499 சி.சி. என்று இருந்து, அதிலிருக்கிற இன்ஜின் நம்பரும் வண்டியில் குத்தியிருக்கிற நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் அது 500. வண்டியில் 500 இன்ஜினே இருந்தாலும் ஆர்.சி.யில் 346 சி.சி. என்றிருந்தால், அது ஏதோ வண்டியிலிருந்து கழற்றி ஏற்றியது. அதற்கு ஸ்ப்ராக்கெட் யோசனை கேட்காதீர்கள், முதலில் அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டீசலாகப் பிறந்து பெட்ரோல் இன்ஜின் ஏறிய புல்லட்டுகளும் நம் பக்கம் சுற்றுகின்றன. ஆர்.சி.யில் இன்னும் டீசல் என்றே இருக்கும். 15 வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப் போகிற அன்றுதான் உரிமையாளருக்கே தெரியும். அப்புறம் புரோக்கர் பின்னால் அலைய வேண்டியதுதான். உங்கள் வண்டி அப்பச்சி கைப்பட வாங்கியது, அந்தக் கவலை இருக்காது.

புரோக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்ப்ராக்கெட் மாற்றினால் ஆர்.சி.யில் எழுத வேண்டும், நான் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் என் வாடிக்கையாளரிடம் 3,000 ரூபாய் கேட்டாராம். ஆர்.சி.யில் பல் எண்ணிக்கைக்கு இடமே இல்லை. இன்ஜின் மாறினால் எழுத வேண்டும், அதை எழுதப் போனால் ஆபீசில் ஆறு தடவை அலைய விடுவார்கள். எழுத வேண்டாததற்குக் காசு, எழுத வேண்டியதற்கு அலைச்சல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு எது எதற்கு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

17 வாங்கும்போது ஒரு அரம் எடுத்துப் போங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. பல்லின் நுனியில் லேசாக அரத்தை இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கடினப்படுத்திய இரும்பு. கடித்துத் தூள் விழுந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது சில மாதத்தில் சுறாப் பல் மாதிரி கொக்கியாகி, புதுச் செயினையும் தின்றுவிடும். உங்கள் வண்டியில் பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒட்டியே வரும், அதனால் டிரம் விலைக்கு அஞ்சிப் பழசை அப்படியே விட்டுவிட்டு முன்னால் மட்டும் மாற்றுவார்கள். பின் பல்லும் கொக்கியாகியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மெக்கானிக் எப்படியும் கார்புரேட்டரைத் திறக்கப் போகிறார் என்றால் அதில் பெட்ரோல் போகிற துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டச் சொல்லுங்கள். பங்கில் இப்போது வருகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் எரிவதற்குக் காற்று குறைவாகப் போதும். பழைய ஜெட்டோடு ஓட்டினால் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் காய்ந்து சூடாகும், ஹைவேயில் அது இன்னும் கூடும். எத்தனால் குறைந்ததைக் கேட்டு வாங்கவும் பெரும்பாலான பங்குகளில் வழியில்லை. பழைய வண்டிக்காரன் என்ன செய்வான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பழனிக்குக் காவடியோடு போகும்போது மட்டும் புல்லட்டை வீட்டில் விட்டுவிடுங்கள். நடக்கிற வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். முதல் கியரில் 16 பல்லே அந்த வேகத்துக்கு 600 சுற்றுதான், வண்டி அணைந்துவிடும். 17 போட்டால் இன்னும் குறையும். குன்றக்குடியிலிருந்து பழனி வரை அரை கிளட்சில் போனால் பிளேட் கருகிவிடும். வீட்டில் ஆச்சியின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு போங்கள்.