மிசியைக் கேளுங்கள்: மாமியார் சொல்லாமல் வைத்திருந்த வேதனை

கேள்வி: என் மாமியாருக்கு 63 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் வாளி சுமந்து எங்கள் குடும்பத்தைக் கரையேற்றியவர். பல ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. அவருடைய துணிகளைத் துவைக்கும்போதுதான் வெள்ளைப்படுதல் இருப்பதைக் கவனித்தேன். கேட்டபோது, ஓயாத அரிப்பு இருப்பதையும், குந்தி உட்கார்ந்தால் கீழே ஏதோ இறங்கி வருவதையும் சொல்லி அழுதார். கிருமிநாசினியைச் சுடுநீரில் கலந்து தினமும் கழுவுகிறார். கிளினிக்கிற்கு வர மறுக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? (ஒரு மருமகள், சுங்கை சிப்புட்)

பதில்: அன்புச் சகோதரி, உங்களிடம் வாய் திறந்து சொன்னதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். நான் மிசியாக, அதாவது தாதியாகப் பணிபுரிந்த காலத்தில், இதே வேதனையைப் பல ஆண்டுகள் சேலைக்குள் மறைத்து வைத்திருந்த தோட்டத்துப் பெண்கள் பலரைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கிருமிநாசினியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணின் பிறப்புறுப்புத் தோல் மெலிந்து உலர்ந்திருக்கும். அதன்மீது மருந்துத் தண்ணீர் பட்டால் தோல் புண்ணாகி அரிப்பு கூடுமேயன்றிக் குறையாது. வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, பருத்தி உள்ளாடை அணிந்தால் போதும். உள்ளே தண்ணீர் பாய்ச்சிக் கழுவவே கூடாது.

தயிர்த் திப்பிபோல் வெள்ளை படிந்து அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்வரை, மருந்து வைத்தாலும் அது திரும்பத் திரும்ப வரும். ஆகவே கிளினிக்கிற்குப் போகும்போது சர்க்கரை அளவு எழுதிய புத்தகத்தையும் அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எம்பாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரைகள் இத்தொற்றைத் தூண்டக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். சாம்பல் நிறத்தில் மீன்வாடையுடனோ, மஞ்சள்பச்சையாக நுரைத்தோ வெளியேறினால் அது வேறு தொற்று, அதற்கு மருந்தும் வேறு. எனவே கடையில் களிம்பு வாங்கித் தடவிக் காலம் கடத்த வேண்டாம்.

இறங்கி வருவதாக அவர் சொல்வது பெரும்பாலும் கர்ப்பப்பை இறக்கமாக இருக்கும். பல பிரசவங்களும் ஆண்டுக்கணக்கான சுமையும் அடிவயிற்றைத் தாங்கும் தசைகளைத் தளர்த்திவிடுகின்றன. இது அவர் செய்த குற்றமன்று, உழைத்த உடம்பின் தேய்வு என்பதைத் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. மருத்துவர் உள்ளே ஒரு வளையத்தைப் பொருத்திக் கர்ப்பப்பையைத் தாங்க வைப்பார். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தத் தவணையை ஒருமுறைகூட விடாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் இருக்கும் உங்கள் பொறுப்பு. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, ஐந்து விநாடி நிறுத்தித் தளர்த்தும் பயிற்சியைப் பத்து முறை வீதம் நாளுக்கு மூன்று வேளை செய்யச் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம். மலச்சிக்கல் வராமல் காய்கறியும் தண்ணீரும் கொடுங்கள். அரிசி மூட்டையையும் தண்ணீர் வாளியையும் இனி வேறு யாராவது தூக்கட்டும்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, இறங்கிய பகுதி புண்ணானாலோ, ஒரு சொட்டு இரத்தம் பட்டாலோ அன்றே அழைத்துச் செல்லுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் இரத்தம் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பெண் தாதியே பார்க்க வேண்டுமென்று முகப்பிலேயே கேளுங்கள். மலாயில் விளக்கத் தயக்கமாக இருந்தால் ‘கெபுதிஹான்’ என்றால் வெள்ளைப்படுதல், ‘ரஹிம் ஜாத்தோ’ என்றால் கர்ப்பப்பை இறக்கம். இந்த இரண்டு சொற்களே அங்குள்ளவர்களுக்குப் போதும்.

கேள்வி: இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் படிக்கும் மகளுக்குத் தடுப்பூசி போடச் சம்மதக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். இந்த வயதில் அது எதற்கு? (ஒரு தாய், பீடோர்)

பதில்: கையெழுத்திடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமியைத் தடுக்கும் ஊசி அது. 2010 முதல் நம் நாட்டில் 13 வயதுப் பெண்களுக்குப் போடப்பட்டு வருகிறது. கிருமி உடலில் நுழையும் முன் போட்டால்தான் முழுப் பயன் என்பதால் இந்த வயது.

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. இரத்தப் பரிசோதனையில் மேகநோய் (உடலுறவால் தொற்றும் சிஃபிலிஸ்) இருப்பதாகச் சொல்லி, கணவரையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். வீட்டில் பெரிய சண்டை. என் குழந்தைக்கு என்ன ஆகும்? (பெயர் வேண்டாம், கோலசிலாங்கூர்)

பதில்: தங்கையே, சண்டைக்கு முன்பாக ஊசி. முதல் சோதனை சில சமயம் நோய் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும். அதனால் உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனையின் முடிவையும் கேளுங்கள். நோய் உறுதியானால் பென்சிலின் ஊசியே மருந்து. எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரத்திற்கு ஒன்றாக மூன்று ஊசி போடுவார்கள். உங்களுக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட முதல் நாளில் காய்ச்சலோ வயிறு இறுகுவதோ வந்தால் உடனே கிளினிக்கிற்குத் தெரிவியுங்கள்.

இந்நோய் அறிகுறி காட்டாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கும். திருமணத்திற்கு முன்பே யாரிடமாவது இருந்திருக்கலாம். இந்தச் சோதனையை வைத்து இப்போது யார் தவறினார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கணவர் சோதித்து மருந்து எடுக்காவிட்டால், குணமான உங்களுக்கே அது திரும்பத் தொற்றும். இருவரும் சிகிச்சையை முடித்து, சேரலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை உடலுறவு வேண்டாம்.

உரிய காலத்தில் ஊசி முடித்த தாய்மார்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகப் பிறக்கிறார்கள். இப்படிக் கர்ப்பிணிகளைச் சோதித்துச் சிகிச்சையளித்ததால்தான், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. ஊசி போட்ட தேதிகளை உங்கள் கர்ப்பகாலப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, பிரசவத்தின்போது அதைக் காட்டுங்கள். குழந்தைக்கும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தொடர்ந்து வரச் சொல்லும் தேதிகளில் தவறாமல் குழந்தையைக் கொண்டு செல்லுங்கள்.