மூன்றாவது பெட்டியில் இப்போது ஏறுவதில்லை

வணக்கம் அக்கா,

எனக்கு 26 வயது. ஊர் வவுனியா. வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்துகொண்டு கொள்ளுப்பிட்டியில் ஓர் இறக்குமதிக் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சேர்ந்து நாலு மாதம்தான். ஆறு மாதம் முடிந்த பிறகே நிரந்தரமாக்குவார்கள். அதற்கு அறிக்கை எழுதப்போவது என் மனேஜர். அவரால்தான் இந்தக் கடிதம்.

அவர் சிங்களப் பெண், நாற்பது வயதைத் தாண்டியவர். மொரட்டுவையில் ரயில் ஏறுவார். வெள்ளவத்தையில் நான் ஏறும்போது மூன்றாவது பெட்டியில் கதவுக்குப் பக்கத்தில் எனக்கு நிற்க ஓர் ஓரம் பிடித்து வைத்திருப்பார். என் சிங்களம் பஸ்ஸிலும் போர்டிங்கிலும் காதால் பொறுக்கியது. அதை அவர் ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை. "நங்கி", அதாவது தங்கை, என்று கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் திருத்துவார்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு கூட்டம். பழைய வருடங்களின் விற்பனையை ஒப்பிட்டுத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். 2023 கடைசிக் காலாண்டுக்கும் வற் வரியை 18 வீதம் என்று போட்டிருந்தார். அப்போது 15 வீதம். 18 ஆனது 2024 ஜனவரி 1ஆம் திகதி. டைரக்டரோடு எட்டுப் பேர் இருந்தோம். நான் யோசிக்காமல் "ஏக்க வெரதியி" என்று சொல்லிவிட்டேன். அது பிழை என்று, முகத்துக்கு நேரே. அக்கா என்றோ மிஸ் என்றோ ஒரு சொல் முன்னால் வைக்கவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் நீளமாக மன்னிப்புக் கேட்டேன். 'சொரி' மட்டும் ஒன்பது தடவை. பிறகு எண்ணிப் பார்த்தேன். காலையில் ஒரு கட்டைவிரல் வந்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் நங்கி என்று கூப்பிடுவதில்லை, பெயர் சொல்கிறார். வேலைகளை ஈமெயிலில் அனுப்புகிறார். எனக்கு அவர் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லாமல் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிறேன். மதியச் சாப்பாடும் என் மேசையிலேயே. எங்கள் அப்பாவும் கோபம் வந்தால் நாள்கணக்கில் பேசமாட்டார். அதே மாதிரி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

அந்தப் பேனை மூடியை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். ஒருவர் நொந்துபோனதை அந்த இடத்திலேயே உணர்கிற ஆள் நீங்கள். அதனால்தான் இவ்வளவு வேதனையும்.

கணக்கு பிழையாக இருந்தது. நீங்கள் சொன்னது சரி. அந்தத் தாள் அப்படியே போயிருந்தால் பிறகு பதில் சொல்ல வேண்டி வந்திருப்பதும் அவருக்குத்தான். ஆகவே திருத்தியதற்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் அது பொய்யாகிவிடும், அவருக்கும் அது தெரியும். எட்டுப் பேருக்கு முன்னால், டைரக்டர் இருக்கும்போது, வெட்டினாற்போல் சொன்னதுதான் உங்கள் பங்கு. அதிலும் உங்கள் பிழைகளை அவர் எப்படித் திருத்தினார்? மற்றவர்களுக்குக் கேட்காமல். அவருக்கு வலித்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் வலித்திருக்கும்.

"அவர் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார், நீங்கள்தான் கற்பனை செய்கிறீர்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. நங்கி என்ற சொல் நின்றுபோனது சின்ன விஷயம் இல்லை. மனம் நொந்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால் நொந்துபோவதும் உறவு முறிவதும் ஒன்றல்ல.

கூட்டத்தில் இருந்த மற்றவர்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அமெரிக்காவில் தோமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களைச் சங்கடப்படுத்தும் படம் போட்ட டீஷேர்ட்டைக் கொடுத்து, ஆட்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று உடுத்தியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது நாலில் ஒருவர் அளவுதான். உங்களுக்கு இரவு இரண்டு மணிக்கு ஓடுகிற அந்தக் காட்சி, அந்த அறையில் இருந்த பலருக்கு அன்று மாலையே போயிருக்கும்.

இனி அவருடைய பக்கம் வந்து நின்று பாருங்கள். கூட்டத்தில் ஒரு பெண் என்னைத் திருத்தினாள். இரவில் ஒரு நீண்ட செய்தி அனுப்பினாள். அடுத்த நாள் வெள்ளவத்தையில் ரயில் நின்றது, அவள் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாப்பிடவும் வரவில்லை. இதைப் பார்த்தால் நான் என்ன நினைப்பேன்? என்னோடு பேச விருப்பம் இல்லை போல என்றுதான். பேச விரும்பாதவளுக்கு வேலையை ஈமெயிலில் அனுப்புவதுதானே மரியாதை? மூன்று வாரமாக நீங்கள் அவருடைய மௌனத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரும் உங்களுடையதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. பேசாமல் இருப்பதுதான் தண்டனை என்று வளர்ந்த பிள்ளைக்கு, யார் பேசாமல் இருந்தாலும் அது தண்டனையாகவே கேட்கும். மூலையில் ஒதுங்கிக் காத்திருந்தால் ஒருநாள் கோபம் தீரும் என்பது அந்த வீட்டில் நீங்கள் கற்றது. உங்கள் மனேஜர் அப்பா இல்லை. இங்கே நீங்கள் போய்ப் பேசலாம்.

அந்த வட்ஸ்அப் மன்னிப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். மன்னிப்பில் எந்தப் பகுதி எடுபடுகிறது என்று ரோய் லெவிக்கியும் சகாக்களும் 2016இல் ஆராய்ந்தார்கள். ஆறு பகுதிகளில் முதலாவதாக வந்தது "இது என் பிழை" என்று பொறுப்பை ஏற்பது. அடுத்தது சரிசெய்ய முன்வருவது. "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பது கடைசி. ஒன்பது சொரியிலும் நீங்கள் கேட்டது பெரும்பாலும் அந்தக் கடைசியைத்தான் என்று நினைக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு அப்படி ஒன்று வந்தால், வாசிக்கிறவர் உங்களை ஆறுதல்படுத்த வேண்டியதாகிவிடுகிறது. களைத்துப்போன ஒருவர் அதற்குக் கட்டைவிரலைத்தான் அனுப்புவார்.

ஆகவே இன்னொரு செய்தி எழுத வேண்டாம். மூன்றாவது பெட்டியில் ஏறுங்கள். நெரிசலில் எதையும் தொடங்காதீர்கள், பக்கத்தில் நின்றால் போதும். கொள்ளுப்பிட்டியில் இறங்கிக் காலி வீதிக்கு வரும்வரை சில நிமிட நடை இருக்கிறதே, அப்போது சொல்லுங்கள். நடந்துகொண்டு பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டிய கஷ்டம் இருவருக்கும் இல்லை. ஆங்கிலம் வேண்டாம், அவர் திருத்தித் தந்த சிங்களத்திலேயே சொல்லுங்கள். "எல்லாருக்கும் முன்னால் அப்படிச் சொன்னது மகே வெரத்த (என் பிழை), அக்கா. இனி அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் உங்களிடம் வந்து சொல்கிறேன்." இவ்வளவுதான். பொறுப்பும் இருக்கிறது, சரிசெய்வதும் இருக்கிறது. ஏன் அப்படிப் பேசினேன் என்ற விளக்கத்தை அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள், உடனே பதில் எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

அவர் இளகாமலும் இருக்கலாம். அப்படியானால் இரண்டு வாரம் விட்டு, வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். நிரந்தரமாவதற்கு முன் நான் எதில் இன்னும் கவனம் எடுக்க வேண்டும் என்று. வேலையை விடுவது பற்றிய யோசனையை அந்தப் பதில் வந்த பிறகு எடுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.

நித்திரை இல்லாததை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பேசிய பிறகும் இரண்டு மணி விழிப்பு தொடர்ந்தால் ஒரு வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அந்த இரண்டு மணிக்கும்கூட.

பேசிய அன்று எனக்கு எழுதுங்கள். நங்கி என்று கூப்பிட்டாரா என்பதை எழுத வேண்டாம், அது வர நாள் எடுக்கும். நீங்கள் ரயிலில் ஏறினீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா