லீனியர் பி எழுத்து கிரேக்கம்தான் என்று எப்படி உறுதியானது?

லீனியர் பி என்பது பண்டைய கிரீசில் களிமண் பலகைகளில் எழுதிய எழுத்துமுறை. அதில் இருப்பது கிரேக்க மொழிதான் என்று 1952-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் மைக்கேல் வெண்ட்ரிஸ் சொன்னது வெறும் ஊகமாக இருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான சந்தேகம், அன்றைக்குப் பல அறிஞர்களுக்கும் இருந்ததுதான். அதைத் தீர்த்தது கிரீசின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த ஒரு களிமண் பலகை. 1953-ல் அகழாய்வாளர் பிளேகன், ஒவ்வொரு குறிக்கும் வெண்ட்ரிஸ் கொடுத்த ஒலிகளை வைத்து அதைப் படித்துப் பார்த்தார். 'முக்காலி' என்று வந்த இடத்தில் மூன்று கால் பாத்திரத்தின் படம், 'நான்கு காது' என்ற இடத்தில் நான்கு கைப்பிடி, 'காதில்லாதது' என்ற இடத்தில் கைப்பிடியே இல்லை! வெண்ட்ரிஸ் அந்தப் பலகையைப் பார்க்காமலேயே ஒலிகளைக் கண்டுபிடித்திருந்தார், அதனால் படத்துக்கேற்ப வளைத்தார் என்று சொல்ல வழியில்லை.

அப்புறம், அமெரிக்க அறிஞர் ஆலிஸ் கோபரை மறந்துவிடாதீர்கள். சிகரெட் அட்டைப்பெட்டிகளில் குறிப்புச் சீட்டுகளை அடுக்கிவைத்து, லீனியர் பி சொற்களின் ஈறு (கடைசிப் பகுதி) இலக்கணத்துக்கேற்ப மாறுவதை 1940-களிலேயே காட்டியவர் அவர்; வெண்ட்ரிஸின் வேலைக்கு அதுதான் அடித்தளம், என் பார்வையில் பாதிப் பெருமை அவருக்கே சேர வேண்டும்.