கில்ரே படம் அசலா? தேதியை நம்பாதீர்கள்

பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் பூமி உருண்டையைப் புட்டிங் மாதிரி வெட்டிப் பங்கு போடும் ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் கில்ரேயின் கேலிப்படம் கிடைத்ததாகவும், அடியில் 1805 என்று இருப்பதால் அசல்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தேதி செப்புத் தகட்டிலேயே பொறித்தது. எப்போது அச்சிட்டாலும் அதேதான் விழும். கில்ரே 1815இல் இறந்தார், ஆனால் தகடுகள் தப்பிவிட்டன. 1851 வாக்கில் போன் என்ற லண்டன் பதிப்பாளர் அவற்றிலிருந்தே மறுபடி அச்சிட்டார். அவை தடித்த தாளில், பெரும்பாலும் வண்ணமில்லாமல், பல சமயம் முதுகிலும் இன்னொரு படத்தோடு இருக்கும். கில்ரேயின் படங்களை வெளியிட்ட ஹன்னா ஹம்ப்ரியின் கடையில் அன்று விற்றவற்றில் பல கையால் வண்ணம் தீட்டியவை. சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். அப்புறம் ஒரு லென்ஸ். வண்ணம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்காலத்தில் இயந்திரத்தில் அச்சிட்ட ஆஃப்செட் நகல். சட்டத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.