கைப்பேசிக்கு வரும் செய்தி கணினியில் தெரியாதது பற்றி

சொந்தச் சேவையகத்தில் எக்ஸ்எம்பிபி (XMPP) என்ற, உடனடிச் செய்திப் பரிமாற்றத்துக்கான திறந்த நெறிமுறையை நிறுவியும் கைப்பேசிக்கு வரும் செய்திகள் கணினியில் தெரிவதில்லை என்றும், ஒரு நிறுவனத்தின் மூடிய செயலிக்கே மாறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே கணக்கின் எல்லாக் கருவிகளுக்கும் செய்தியை அனுப்பும்படி அடிப்படை நெறிமுறை கட்டாயப்படுத்துவதில்லை. அதற்கு 0280 என்ற எண்ணுள்ள நீட்டிப்பும் (அடிப்படை நெறிமுறையோடு சேர்க்கும் கூடுதல் வசதி), பழைய செய்திகளை மீட்க 0313 என்ற எண்ணுள்ள நீட்டிப்பும் சேவையகம், செயலி இரண்டிலும் இயங்க வேண்டும். முதலில் அவற்றைச் சரிபாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவியால் செய்தியைப் பூட்டும் ஓமெமோ (OMEMO) மறையாக்கம் இருந்தால், கணினியைச் சேர்ப்பதற்கு முன் வந்தவை அதில் திறக்கமாட்டா, அது பழுதன்று. இத்தகைய தேவைகளை விருப்ப நீட்டிப்புகளாக விட்டது இந்தத் திறந்த தரத்தின் மெய்யான பலவீனம்தான். ஆயினும், 2005இல் இதே நெறிமுறையுடன் தொடங்கிய கூகுள் டாக் என்ற அரட்டைச் சேவைக்கு மாற்றாக 2013இல் வந்த ஹேங்அவுட்ஸ், பிற சேவையகங்களுடனான இணைப்பைக் கைவிட்டபோது பயனர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதையும், மாறுவதற்கு முன் கணக்கில் கொள்ளுங்கள்.